கடைப் பெயரில் பையும் சட்டையும் விற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், லிட்டில் இந்தியாவில் அப்பாவுக்கு மளிகைக் கடை. மிளகாய்த்தூள், மல்லித்தூள், மீன் கறி மசாலா எல்லாம் எடை போட்டுக் கட்டித் தரும் கடை. அந்தக் கடையின் பெயரில் துணிப் பை, கோப்பை, டி-சட்டை என்று விற்கத் தொடங்கிய நான், இப்போது மற்றக் கடைகளுக்கும் செய்து தருகிறேன். சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை, பரதநாட்டியப் பள்ளி, உறுமி மேளக் குழு என்று யார் வந்தாலும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். கோலாலம்பூரிலிருந்தும் கேட்கிறார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு அனுப்பி அனுப்பித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் கடைக்கு அழகான லோகோ இருக்கிறது. அதைச் சட்டையில் போட்டால் விற்காதா?

விற்காது. போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். முதல் முறை 200 டி-சட்டை அடித்தேன். நெஞ்சு நிறையக் கடையின் பெயர், அதன் கீழே தொலைபேசி எண், முதுகில் முழு முகவரி. அத்தை, சித்தப்பா, மாமா என்று சொந்தத்துக்குள் முப்பது போனது. அதிலும் பாதிக்குக் காசு வரவில்லை, கேட்கவும் முடியவில்லை. பல வருடமாக எங்களிடம் மசாலா வாங்குகிற ஒருவர் சட்டையை விரித்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "உங்க கடைக்கு நான் விளம்பரம் பண்ணணும், அதுக்குக் காசும் நான்தான் கொடுக்கணுமா தங்கச்சி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேள்வி சரி.

அப்பா சாமான் கட்டும்போது ஒவ்வொரு பொட்டலமும் முடிந்ததும் தலை நிமிராமல் "அப்புறம்?" என்பார். சீரகம் கால் கிலோ. அப்புறம்? கடுகு நூறு கிராம். அப்புறம்? கடைக்கு வருகிற பிள்ளைகள்கூட அவரை மாதிரியே சொல்லிக் காட்டுவார்கள். அடுத்த முறை துணிப் பையில் அந்த ஒரு சொல்லை மட்டும் போட்டேன். கறுப்பு எழுத்தில் "அப்புறம்?" அவ்வளவுதான். கடைப் பெயர் பையின் அடி ஓரத்தில், தையலுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு. 100 பை ஒரு மாதம் தாங்கவில்லை. வாங்கியவர்களில் அதுவரை எங்கள் கடைப்படி ஏறாதவர்களும் இருந்தார்கள்.

தன் வாயில் புழங்குகிற சொல்லை, தன் ஊரை, தன் கூட்டத்தை ஒருவர் காசு கொடுத்துச் சுமப்பார். உங்கள் லோகோ அதன் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போகலாம்.

அப்படி ஒரு சொல்லை எங்கே தேடுவது?

ஒரு நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரருக்கு "தே தாரிக், குராங் மானிஸ்" என்று தமிழ் எழுத்தில் கோப்பை செய்து கொடுத்தேன். சொல் மலாய் (இழுத்து ஆற்றிய பால் தேநீர், இனிப்புக் குறைவாக), எழுத்து தமிழ். தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்து, கடைசியில் தாங்கள் தினமும் சொல்வதுதான் என்று தெரிந்ததும் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அந்தச் சிரிப்புத்தான் கோப்பையை விற்றது. நாட்டியப் பள்ளிக்கு டீச்சர் கத்துகிற "அரைமண்டி!" போதும். பிள்ளைகளைவிட அம்மாமார்தான் அதிகம் வாங்கினார்கள்.

முதலில் எந்தப் பொருளில் தொடங்கலாம்?

பை. அளவுப் பிரச்சினை இல்லை, ஆண் பெண் பிரச்சினை இல்லை, தபாலில் அனுப்ப எடை குறைவு. பினாங்கில் 2011 முதலே பேரங்காடிகளில் நெகிழிப் பை இலவசம் கிடையாது. அதனால் இங்கே வீட்டுக்கு வீடு, காருக்குக் கார் துணிப் பை கிடக்கும். "ஏற்கெனவே பத்து இருக்கிறதே" என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பத்தும் யாரோ சும்மா கொடுத்த மெல்லிய பை. அடியில் மடிப்பு வைத்து, பிடியைக் குறுக்குத் தையல் போட்டு, ஐந்து கிலோ அரிசி தாங்குகிற மாதிரி தைத்தால் அந்தப் பத்தையும் ஒதுக்கிவிட்டு இதைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.

கோப்பை நல்ல பரிசுப் பொருள், ஆனால் உடையும். சாவி வளையம் விலை குறைவு, லாபமும் குறைவு. சட்டையை மூன்றாவதாக வையுங்கள்.

சட்டை எத்தனை அடிப்பது? எந்த அளவு?

முதல் தடவை 50க்கு மேல் வேண்டாம். எஸ்., எம்., எல்., எக்ஸ்.எல். எல்லாம் சமமாகப் பிரித்து ஆர்டர் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நான் 200ஐ நான்காக வகுத்து ஐம்பது ஐம்பதாக அடித்தேன். கணக்குக்கு அழகாக இருந்தது. பெரியவர்கள் வாங்குவது பெரும்பாலும் எல்., எக்ஸ்.எல்., அடுத்து எம். சின்ன அளவான எஸ். எங்களிடம் வருடக்கணக்கில் கிடந்தது. இரண்டு எக்ஸ்.எல்., மூன்று எக்ஸ்.எல். கேட்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அவர்களுக்குக் கடைகளில் நல்லது கிடைப்பதில்லை, அதனால் நன்றியோடு வாங்குவார்கள்.

இன்னொன்று. இறக்குமதி வெற்றுச் சட்டையில் எக்ஸ்.எல். என்று எழுதியிருந்தாலும் அளந்தால் நம் எல்.தான் வரும். அக்குளுக்குக் கீழே நாடா வைத்து நெஞ்சகலத்தை அளந்து, அங்குலக் கணக்கில் போட்டுவிடுங்கள். துணி இந்த வெயிலுக்கு 160 முதல் 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) போதும். 240 ஜி.எஸ்.எம். கையில் பிடித்தால் உயர்தரமாகத் தெரியும், மத்தியானம் எங்கள் லெபோ பாசார் தெருவில் போட்டுக்கொண்டு நடந்தால்தான் அதன் சூடு தெரியும்.

சில்க்ஸ்கிரீன், டி.டி.எஃப்., சப்ளிமேஷன் என்கிறார்கள். எது நல்லது?

எத்தனை பீஸ், என்ன துணி, எத்தனை நிறம் என்பதைப் பொறுத்தது.

சில்க்ஸ்கிரீன் என்பது வலை கட்டிய ஃபிரேம் வழியாக மையைத் துணியில் தேய்ப்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஃபிரேம் கட்ட வேண்டும், ஃபிரேமுக்குத் தனிக் காசு. பத்துச் சட்டைக்கு அது கட்டாது. ஐம்பது, நூறு என்று போனால் இதுதான் மலிவு, துவைக்கத் துவைக்க நிற்பதும் இதுதான். ஒரே நிறத்தில் வடிவமைத்தால் செலவு குறையும், பார்க்கவும் கச்சிதமாக இருக்கும். ஒரு நிறத்தில் அழகாக வராத வடிவம் ஐந்து நிறத்திலும் வராது என்பது என் கருத்து.

டி.டி.எஃப். என்பது பிளாஸ்டிக் தாளில் மையால் அச்சடித்து, பசைத்தூள் தூவி, சூட்டு அழுத்தியில் சட்டைமேல் ஒட்டுவது. ஒரே ஒரு சட்டைகூட அடிக்கலாம், எத்தனை நிறம் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் பெரிய சதுரமாக ஒட்டினால் நெஞ்சில் பிளாஸ்டர் ஒட்டின மாதிரி வேர்க்கும். இடைவெளி விட்ட எழுத்துக்கு நல்லது.

சப்ளிமேஷன், அதாவது சூட்டில் சாயத்தை ஆவியாக்கி ஏற்றுவது, பாலியெஸ்டர் துணியில்தான் பிடிக்கும், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில். தைப்பூசக் குழுக்களும் ஓட்டப் போட்டிகளும் போடுகிற மைக்ரோஃபைபர் சட்டைகள் இந்த வகை. பருத்தியில் இதைச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கோப்பைக்கும் இதே முறைதான், ஆனால் மேற்பூச்சு உள்ள கோப்பையாக இருக்க வேண்டும்.

எதுவானாலும் மாதிரி ஒன்று வாங்கி, ஐந்து முறை இயந்திரத்தில் துவைத்துக் காயப்போட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் பலரும் காத்திருப்பதில்லை, பிறகு ஒரு மாதம் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பார்கள்.

தமிழ் எழுத்து அச்சில் உடைந்துவிடுகிறது. என்ன செய்வது?

இதைப் பற்றி மட்டும் ஒரு புத்தகமே எழுதலாம். ஒரு தண்ணீர்ப் பந்தல் குழுவுக்கு 60 சட்டை. முதுகில் "தொண்டு" என்ற சொல் பெரிதாக. பெட்டியைப் பிரித்தால், "தொ"வின் கொம்பு "த"வுக்குப் பின்னால் போய் விழுந்திருக்கிறது. "டு" உடைந்து "ட"வும் பக்கத்தில் ஒரு வாலுமாக நிற்கிறது. அறுபதிலும் அப்படியே. அச்சுக்கூடத் தவுக்கே (முதலாளி) சீனர், அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் மலாய்க்காரர்கள். அவர்களுக்கு அது அழகான கோலம் மாதிரித்தான் தெரிந்திருக்கும். தப்பு என்னுடையது. எழுத்துருவோடு ஃபைலை அப்படியே அனுப்பினேன், அவர்கள் கணினி தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத கணினி.

அதன்பிறகு நான் செய்வது இது. வடிவத்தை முடித்ததும் எழுத்துகளை எல்லாம் கோட்டோவியமாக மாற்றிவிடுவேன். அப்படி மாற்றிவிட்டால் அது எழுத்து இல்லை, வெறும் படம். எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது. வடிவமைப்பு மென்பொருளிலேயே உடைந்து தெரிந்தால், பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கும், அதை மாற்ற வேண்டும். கூடவே, சரியாகத் தெரிகிற ஒரு படத்தைக் கைப்பேசியில் எடுத்து அச்சுக்கூடத்துக்கு அனுப்பி, "இதே மாதிரி இருக்கிறதா என்று படத்தோடு படம் ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று சொல்வேன். தமிழ் தெரியாதவராலும் அதைச் செய்ய முடியும்.

எழுத்துப் பிழை வேறு விஷயம். ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கின்றன. எனக்குத் தெரிந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அச்சுக்குப் போகும் முன் அவருக்கு அனுப்பிவிடுவேன். கூலி ஒரு பொட்டலம் முறுக்கு.

விலை எப்படி வைப்பது?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 50 சட்டை, இரண்டு நிற சில்க்ஸ்கிரீன். வெற்றுச் சட்டை 10 வெள்ளி (ரிங்கிட்), அச்சுக்கூலி 4 வெள்ளி. ஃபிரேம் ஒன்று 35 வெள்ளி என்றால் இரண்டுக்கு 70, சட்டைக்கு 1 வெள்ளி 40 காசு. உறை, அட்டை எல்லாம் 60 காசு. ஆக 16 வெள்ளி. மொத்தம் 800 வெள்ளி.

பெரும்பாலோர் இங்கேயே நிறுத்தி, 25 வெள்ளிக்கு விற்றால் 9 வெள்ளி லாபம் என்று கணக்குப் போடுவார்கள். ஐம்பதும் விற்காது. எட்டு மீந்தது என்று வையுங்கள். அந்த 800 வெள்ளியை 42 சட்டைதான் சுமக்க வேண்டும், அப்போது ஒன்றின் அடக்கம் 19 வெள்ளி 5 காசு. 35 வெள்ளிக்கு நீங்களே விற்றால் 15 வெள்ளி 95 காசு கையில். இன்னொரு கடையில் வைத்து அவர்கள் 30 விழுக்காடு எடுத்துக்கொண்டால் உங்களுக்கு வருவது 24 வெள்ளி 50 காசு, லாபம் 5 வெள்ளி 45 காசு. உங்கள் உழைப்பு, பெட்ரோல், நிறுத்துமிடக் காசு எதுவும் இதில் சேரவில்லை. 25 வெள்ளிக்கு வைத்திருந்தால் அந்தக் கடையில் ஒவ்வொரு சட்டைக்கும் நீங்கள்தான் காசு கொடுத்து அனுப்பியிருப்பீர்கள்.

சொந்தக்காரர் விலை என்று தனியாக ஒன்று வேண்டாம். முடியாவிட்டால் இலவசமாகக் கொடுத்துவிடுங்கள், மனஸ்தாபம் மிஞ்சாது.

முன்பதிவு வாங்கிக்கொண்டு அடிக்கலாமா?

தாராளமாக. டூயிட்நவ் கியூஆர் (கைப்பேசியில் காசு கட்டும் குறியீடு) அனுப்பி, முழுக் காசும் வாங்கிய பிறகே பட்டியலில் பெயர். "எனக்கு ஒன்று எடுத்து வைங்க" என்பது ஆர்டர் ஆகாது.

எஸ்.எஸ்.எம். பதிவு கட்டாயமா? வீட்டிலிருந்துதான் விற்கிறேன்.

கட்டாயம். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில், அதாவது மலேசிய நிறுவன ஆணையத்தில், பதிய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம். வீட்டு முகவரியே போதும். அடையாள அட்டையில் உள்ள உங்கள் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. அவர்களுடைய ஈசிபிஸ் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே செய்துவிடலாம். வங்கிக் கணக்கு, இணையக் கடை, அரசாங்கக் கடன் எல்லாவற்றுக்கும் இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

கடை எடுத்தால் ஊராட்சி உரிமம் தனி. தலைநகரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம், இங்கே தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம். சந்தை, கண்காட்சியில் மேசை போடுகிறீர்கள் என்றால் உரிமம் யார் எடுத்திருக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளரைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எஸ்.எஸ்.எம்.மில் பெயரைப் பதிந்துவிட்டேன். இனி அந்த பிராண்ட் என்னுடையதுதானே?

இல்லை. எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இது. எஸ்.எஸ்.எம். பதிவு நீங்கள் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி. வணிகக் குறி மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில், அதாவது மைஐபிஓவில், தனியாகப் பதிய வேண்டும். இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம், அந்த ஆண்டு டிசம்பர் 27 முதல்.

பதிவு பொருள் வகுப்பு வாரியாக நடக்கும். மொத்தம் 45 வகுப்பு. சட்டை, தொப்பி 25. துணிப் பை 18. கோப்பை 21. ஒட்டுவில்லை, நோட்டுப் புத்தகம் 16. அப்பாவின் மசாலா 30. அவர்களுடைய பட்டியலில் உள்ள விவரிப்பையே பயன்படுத்தினால் வகுப்புக்கு 950 வெள்ளி, நீங்களே விவரித்து எழுதினால் 1,100 வெள்ளி. ஆக, பைக்கும் சட்டைக்கும் மட்டும் 1,900 வெள்ளி. பரிசோதித்து, அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் விட்டு, அப்புறம்தான் கிடைக்கும். கிடைத்தால் பத்து ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம்.

50 பை விற்பதற்கு முன்பே இந்தச் செலவு தேவையா? என்னைக் கேட்டால் வேண்டாம். ஆனால் பெயர் வைக்கும் முன் மைஐபிஓ தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். இன்னொருவர் பதிந்த பெயராக இருந்தால் பையோடு பலகையையும் மாற்ற வேண்டிவரும். பதியாமல் வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போடாதீர்கள், அது குற்றம். சிறிய டி.எம். போட்டுக்கொள்ளலாம்.

நடிகர் படம், சினிமாப் பாட்டு வரி போட்டால் உடனே விற்குமே, அக்கா?

விற்கும். வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். அனுமதி இல்லாமல் நான் அடித்துத் தருவதில்லை. படத்தின் காட்சிக்கு, புகைப்படத்துக்கு, பாட்டு வரிக்கு எல்லாம் உரிமையாளர் இருக்கிறார்.

மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துக்கு உரிமை, எழுதியவர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும். திருக்குறளை எத்தனை சட்டையில் வேண்டுமானாலும் போடுங்கள். பாரதியார் மறைந்தது 1921, அவர் வரிகளுக்கும் தடையில்லை. கண்ணதாசன் மறைந்தது 1981. அவருடைய வரி என்றால் 2031 முடியும் வரை பொறுங்கள், அல்லது உரிமை உள்ளவரிடம் கேளுங்கள். ஒன்று கவனம்: பாரதியின் வரி பொது, ஆனால் இணையத்தில் யாரோ வரைந்து போட்ட பாரதியின் முகம் அந்த ஓவியருடையது. உங்களுக்காக ஒருவரை வரையச் சொன்னாலும், உரிமை யாருக்கு என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் பெரிய பிராண்ட் லோகோவோடு எத்தனை பேர் விற்கிறார்கள். நான் மட்டும் ஏன் பயப்படணும்?

"ஒரிஜினல் இல்லை என்று சொல்லித்தான் விற்கிறேன்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது எடுபடாது. போலிக் குறி இட்ட பொருளை விற்கும் தனிநபருக்கு, பொருள் ஒன்றுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்த "ஒன்றுக்கு" என்ற சொல்லைத் திரும்பப் படியுங்கள். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டிலும் உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் லாரியோடு வந்து அள்ளிப் போகிற நாள் உண்டு.

நிஜமான பொருளை முறையாக வாங்கி விற்பது வேறு. அதற்கு ரசீதை வைத்திருங்கள். அந்த நிறுவனத்தின் லோகோவை உங்கள் பலகையில் போட்டு முகவர் மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள்.

தேசியக் கொடி, இரட்டைக் கோபுரம்?

இரண்டும் வேண்டாம். கொடியையும் அரசுச் சின்னத்தையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடை விதிக்கும் சட்டம் 1963 முதல் இருக்கிறது. கோபுரத்தின் உருவமும் வணிகக் குறியாகப் பதிவானது. ஊர்ப் பெருமை காட்ட வேண்டுமா, உங்கள் தெருவை வரையுங்கள். எங்கள் தெருவில் பூக்கடை வாளிகள் இருக்கின்றன, மிதிவண்டி ரிக்ஷா இருக்கிறது, ஐந்தடி நடைபாதையின் பழைய ஓடு இருக்கிறது.

வேல், ஓம், சாமி படம் போடலாமா?

சட்டம் தடுக்கவில்லை, ஊர் தடுக்கும். நெஞ்சில் வேல் போட்டால் யாரும் எதுவும் சொல்வதில்லை. இடுப்புக்குக் கீழே, கால்சட்டையில், கால்மிதியில், காலுறையில் நினைத்தே பார்க்காதீர்கள். பையில் முருகன் முகம் கேட்டு ஒருவர் வந்தார். அந்தப் பையைப் பேருந்தில் காலடியில் வைப்பார்கள், அதில் மீன் வாங்குவார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மயில் இறகு போதும் என்றார். அழகாக வந்தது.

தைப்பூசத்துக்குச் சட்டை வேண்டும். எப்போது ஆர்டர் கொடுப்பது?

நவம்பரில். மிகைப்படுத்தவில்லை. துணி மொத்த விற்பனையும் அச்சுக்கூடமும் பெரும்பாலும் சீனர்கள் கையில். சீனப் பெருநாளுக்கு ஒரு வாரம், சில இடத்தில் இரண்டு வாரம் கதவு சாத்திவிடுவார்கள். 2025இல் சீனப் பெருநாள் ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. பொங்கல் கழித்து ஓடி வந்தவர்களுக்கு அந்த வருடம் யாராலும் அடித்துத் தர முடியவில்லை. பெருநாள் தைப்பூசத்துக்குப் பின்னால் வந்தாலும் அதற்கு முன்பே ஆர்டர் குவிந்து கிடக்கும்.

ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிற இடத்தில் நிற்பவர்களுக்குப் பருத்தி வேண்டாம். இளநீரில் நனைந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் வரை ஈரமாகவே இருக்கும். மைக்ரோஃபைபர் அரை மணியில் காய்ந்துவிடும்.

எங்கே விற்பது?

முதலில் உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில். ஒன்றை விரித்துத் தொங்கவிடுங்கள், மடித்து உறைக்குள் வைத்தால் யாரும் கேட்பதில்லை. அப்புறம் வாரச் சந்தை. இங்கே ஹின் பஸ் டிப்போவில் ஞாயிறு சந்தை, கோலாலம்பூரில் தீபாவளி நேரத்து பிரிக்பீல்ட்ஸ் கடைகள். மேசை வாடகையை விற்க வேண்டிய பீஸ் கணக்கில் மாற்றிப் பாருங்கள். 150 வெள்ளி வாடகை என்றால், சட்டைக்குச் சுமார் 16 வெள்ளி லாபம் நிற்கும் கணக்கில், பத்தாவது சட்டையிலிருந்துதான் உங்கள் சம்பளம்.

"விற்ற பிறகு காசு" என்று கடைகளில் வைப்பதில் எனக்கு ஆசை குறைந்துவிட்டது. ஒரு பரிசுக்கடையில் 20 பை கொடுத்தேன். எட்டு மாதம் கழித்துப் போனால் பன்னிரண்டு தொங்குகிறது, வெயில் பட்ட பக்கம் மட்டும் மஞ்சளாக. மிச்சம் எட்டு எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. இப்போது கொடுத்தால் மாதக் கடைசியில் எண்ணிக்கை, கையெழுத்து, மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதில்லை.

இணையத்தில் விற்றால் உங்கள் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை எல்லாம் தெரிய வேண்டும். "விலைக்கு பி.எம். (தனிச் செய்தி) பண்ணவும்" என்று போடுவது விதிமீறல். வாங்குகிறவருக்கும் அது எரிச்சல். சபா, சரவாக்குக்குத் தபால் கட்டணம் வேறு என்பதையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால்?

துவைக்காமல், ஏழு நாளுக்குள் என்றால் மாற்றிக் கொடுக்கிறேன், தபால் காசு அவர்களுடையது. அச்சில் குறை என்றால் எல்லாம் என்னுடையது, பேச்சே கிடையாது.

வரி கட்ட வேண்டுமா?

12 மாத விற்பனை ஐந்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத வரை விற்பனை வரிப் பதிவு தேவையில்லை. அந்த அளவுக்குக் கீழே இருந்தால் பொதுவாக இ-இன்வாய்ஸும் (மின் விலைப்பட்டியல்) கட்டாயமில்லை. வருமான வரி வேறு. தொழில் செய்பவர்களுக்கான பாரம் பி படிவம், ஜூன் 30க்குள். லாபம் இல்லாவிட்டாலும் கணக்கைக் காட்டுங்கள், ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். வெளிநாட்டு இணையத்தளத்தில் வெற்றுப் பை வாங்குகிறவர்கள் கவனிக்க: 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்கு மேற்போகாத பொருளுக்கும் 10 விழுக்காடு வரி உண்டு. மலிவு என்று நினைத்தது உள்ளூர் விலைக்கே வந்து நிற்கும்.

கடன் வாங்கித் தொடங்கலாமா?

இந்தியத் தொழில்முனைவோருக்கு தெக்குன் நேஷனல் என்ற அரசு நிறுவனம் வழியாக ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. சூட்டு அழுத்தி, தையல் இயந்திரம் வாங்க என்றால் கேளுங்கள், அது தினமும் உழைக்கும். சட்டை அடித்து அடுக்கி வைக்கக் கடன் வாங்காதீர்கள்.

விற்காமல் மீந்ததை என்ன செய்வது?

பாதி விலைக்குக் கூவி விற்காதீர்கள், முழு விலைக்கு வாங்கியவர் முகம் சுளிப்பார். பரிசுக் கூடையில் சேருங்கள், வேலையாட்களுக்குச் சீருடையாகக் கொடுங்கள். எங்கள் முதல் 200இல் கொஞ்சம் துடைக்கிற துணியானது, கொஞ்சம் மிளகாய்த்தூள் டின்னுக்கு மூடியானது. அப்பா இன்னும் அதில் ஒன்றைத்தான் கடையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். மஞ்சள்தூள் ஏறி, தொலைபேசி எண் பாதி உதிர்ந்து, கழுத்து தொங்கிப்போன சட்டை. போன மாதம் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பையன் அதைக் காட்டி, "அங்கிள் போட்டிருக்கிற மாதிரி ஒன்று கிடைக்குமா, அக்கா?" என்று கேட்டான். இருக்கிறது, இன்னும் பதினொன்று. எல்லாம் எஸ். அளவு.